வெள்ளை இடத்தில் ஓர் ஓடை

சிவகாசி

அன்புள்ள அத்தானுக்கு,

நாகஜோதி எழுதுவது. மலையடிவாரத்தில் டவர் கிடைக்காததால், காணாமல்போன ஹரிஷை மலையில் தேடுகிற ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஊர்க்காவலன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பையில் மாற்றுவேட்டியும் பிரஷர் மாத்திரையும் இருக்கின்றன. மறக்காமல் போடுங்கள்.

விஸ்வநத்தத்தில் ஹரிஷ் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியை இன்னும் திறக்கவில்லை. அது ஓடியிருந்தால் உங்கள் தம்பிக்கு மலையேறும் ஆசை வந்திருக்குமா?

இன்று அவன் அறையைக் கூட்டினேன். நம் பிரஸ்ஸில் அடித்த காலண்டரில் மே மாதத் தாளைக் காணோம். வெள்ளைக்காரன் காலத்து மலை வரைபடம் போட்ட தாள்.

அந்தப் பழைய வரைபடத்தில் உச்சிக்கு மேற்கே வெறும் வெள்ளைதான் இருந்தது. அளக்க வந்தவர்கள் அந்தக் காட்டுக்குள் போகவே இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆர்டர் கொடுத்த கடைக்காரர், மை பிடிக்காத மாதிரி மொட்டையாகக் கிடக்கிறது, எதையாவது போடுங்கள் என்றார். நீங்களும் நீலத்தில் ஓர் ஓடை வரைந்து, முடிவில் ஒரு சுனையும் வைத்தீர்கள். அசல் மாதிரியே இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

அவன் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில்தான் எடுத்துப் போயிருக்கிறான். மற்றவை ஃபிரிட்ஜ் மேலேயே நிற்கின்றன.

வனத்துறைக்காரர்கள் கிழக்கே ஆற்றோரமாகத் தேடுகிறார்களாம். தண்ணீர் இருக்கும் பக்கம்தானே மனிதன் போவான் என்பது அவர்கள் கணக்கு. ஹரிஷ் உங்கள் ஓடையைத் தேடிப் போயிருக்கிறான், அத்தான். உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்கும். கிளம்பும்போது என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. வெட்கப்படுகிற நேரமா இது? மானம் போனால் போகட்டும். அந்தக் கோட்டை வரைந்தது நீங்கள்தான் என்று ஆபீசரிடம் சொல்லுங்கள். அது எங்கே போய் முடிகிறது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அத்தை சாப்பிடுவதில்லை. கூடத்துக் காலண்டரில் அதே தாளை விரித்துவைத்து, அந்த நீலக் கோட்டைத் தடவிக்கொண்டே இருக்கிறார்கள். “எம்மவன் ஓடைக்கரையிலதான் ஒக்காந்திருப்பான். தண்ணி இருக்குல்ல, பொளச்சுக்கிடுவான்” என்றார்கள். ஆமாம் அத்தை என்றேன். இன்னொரு முறை கேட்டால் தலையாட்ட எனக்குத் தெம்பில்லை.

அவனை எப்படிக் கண்டாலும் கொண்டுவாருங்கள். நம் குலசாமி உங்கள் காலுக்கு முன்னால் நடக்கட்டும். கூடத்துக் காலண்டரில் நான் கை வைக்கவில்லை. அதை நீங்களே வந்து கழற்றுங்கள்.

உங்கள்
நாகஜோதி