அப்பா கைக்கு ஒரு தடித்த பேனா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் வலது கை இப்போது எவ்வளவு மடங்குகிறது? மாத்திரையை அம்மா கண்ணெதிரே விழுங்குங்கள். தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்க வேண்டாம்.

பேனா உங்கள் விரலில் நிற்காமல் வழுக்குகிறது என்று தங்கை எழுதியிருந்தாள். நாங்கள் சமையல் மேடைக்குப் போடும், மரம்போலக் கடைய வரும் செயற்கைக் கல்லில், சிங்க் வைக்க வெட்டியெடுக்கும் துண்டு குப்பைக்குத்தான் போகும். அதில் ஒரு கட்டையைச் சாப்பாட்டு வேளையில் லேத்தில் மாட்டி, உங்களுக்கு ஒரு பேனா கடைந்தேன். முதல் கட்டையில் அவசரப்பட்டு உளியை அழுத்திவிட்டேன். பட்டென்று உடைந்து, சில்லு ஒன்று நெற்றியில் தெறித்தது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். சின்னக் கீறல்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இரண்டாவதைப் பார்த்த மேஸ்திரி, "என்னய்யா, பேனா கடையிறியா, உலக்கை கடையிறியா?" என்று சிரித்தார்.

"எங்கப்பா கைக்கு இதாங்க அளவு" என்றேன்.

என் ரேங்க் கார்டில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், அட்டையின் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். கணக்கு மார்க்கைப் பார்த்த கோபமெல்லாம் பேனா முனையில் இறங்கியிருக்கும். அந்தப் புடைப்பைத் தடவிக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போவேன்.

ஆறு மாதமாகத் தங்கை கையெழுத்தில்தான் கடிதம் வருகிறது. முத்து முத்தாக எழுதுகிறாள். ஆனால் தாளின் பின்பக்கம் மழமழவென்று இருக்கிறது, அப்பா.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். பேனாவை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள். கோணலாக இருந்தால் என்ன? நான் பின்பக்கம்தான் தடவிப் பார்ப்பேன்.

உங்கள் மகன்