ஈரம் காயுமுன்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இன்று எழுதுவது வேறு விஷயம். ஃபோனில் சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போதெல்லாம் நம் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை. வாழ்த்து அட்டைகள் செய்கிறேன். ஸ்டென்சிலைக் கடையில் வாங்கவில்லை. என் முழங்கால் எக்ஸ்ரே பிலிமிலேயே இலைகளை வரைந்து பிளேடால் வெட்டிக்கொண்டேன். டாக்டருக்கு அதில் தேய்மானம் தெரிந்தது, எனக்கு ஒரு கொடி தெரிந்தது. பிலிமை அட்டைமேல் வைத்து, மை தொட்ட ஸ்பாஞ்சால் ஒற்றினால் இலை பதியும். மைக்குப் பதிலாகக் கெட்டிப் பசையைத் தடவினால் இலை புடைத்து நிற்கும், விரலுக்கே தெரியும்.

அட்டை வெட்டித் தருபவர் நம் பைண்டர். எங்கள் பள்ளி நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டவர், உன் கிழிந்த அகராதியைத் தைத்துக் கொடுத்தவர். மனைவி போனபின் அவரும் தனியாள்தான். மாலையில் வந்து எனக்கு ஒத்தாசை செய்வார்.

முதல் தடவை பசை தடவியதும், காயும்வரை பிலிமைத் தொடக் கூடாது என்றேன் நான். தொடவே கூடாது என்றார் அவர். ஒட்டிய புத்தகத்தைக் கனம் ஏற்றி ராத்திரி முழுக்க விடுகிறவர் அல்லவா! ஃபேனைப் போட்டுவிட்டு, டீ குடித்துக்கொண்டு, இரண்டு பொறுமைசாலிகளும் காத்திருந்தோம். பிறகு இழுத்தால் பிலிமோடு இலை வந்தது, இலையோடு அட்டையின் தோலும் வந்தது. அத்தனையும் பாழ். கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அடுத்த அட்டையில் ஈரமாக இருக்கும்போதே பிலிமைத் தூக்கினேன். இலை அப்படியே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "காயட்டும் காயட்டும்னு இருந்து கெடுத்தது போதும், டீச்சர். நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

காதில் நன்றாகத்தான் விழுந்தது. ஆனாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். பிள்ளைகள் பதில் சொல்வதுபோல எழுந்து நின்று சொன்னார். கையெல்லாம் பசை. சரி என்றேன்.

உன் தம்பியிடம் சொன்னேன். இனிமேல் திட்டு வாங்க அவர் இருக்கிறார், தான் தப்பித்தாயிற்று என்று சிரித்தான். அக்காவிடம் நீயே சொல்லிக்கொள் என்று நழுவிவிட்டான்.

நீ அப்பா செல்லம். உன் மனம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா படம் கூடத்தில் அதே இடத்தில்தான் இருக்கும். அதன் பின்பக்கம் கழன்றிருந்ததை, நான் கேட்காமலே சரிசெய்து மாட்டியவர் இவர். ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். தம்பி பிறந்தபோது, "இனிமே என்மேல பாசம் பாதிதானாம்மா?" என்று கேட்டாய். பாதியாகவா ஆயிற்று, கண்ணு?

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு வீட்டில் எல்லோருமாக ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். அழைப்பு அட்டைகளை நாங்களே செய்துவிட்டோம். முதல் அட்டை உனக்கு, இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் தேதி எழுதவில்லை. அவர் பேனாவை நீட்டினார். நான்தான் மூடி வைத்துவிட்டேன். உனக்கு லீவு கிடைக்கும் நாளைப் பார்த்து நீயே எழுதி அனுப்பு. நீ இல்லாத ஒரு நாளை எழுத எனக்குக் கை வரவில்லை.

குழந்தைக்கு முத்தங்கள். நீ எப்போதும் நன்றாக இரு.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
அம்மா