பூந்திக்குத் தெரிந்த வீடு

சங்கரன்கோவில்,
4-8-2024

அன்புள்ள அத்தானுக்கு,

தேவன் கிருபையில் நான் சுகம். நீங்களும் திருப்பூரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். என்னடா கடிதம் என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் நாம் ரெண்டு பேரும் உடனே சண்டைக்கு நின்றுவிடுகிறோம். தாளில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

பூந்தியைப் பற்றித்தான். பீகிள் நாய் என்று தெருவுக்கெல்லாம் காட்டி நீங்கள் வாங்கி வந்த செல்லத்துக்கு இன்னும் மூன்று வயதுகூட ஆகவில்லை. கோடையிலேயே வலது கண் சிவந்து நீர் வடிந்தது. ஆடித்தபசு சமயத்தில் கதவிலும் கட்டில் காலிலும் முட்டிக்கொண்டாள். வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் பிஸ்கட்டை முகத்துக்கு நேராக நீட்டினேன். அவள் வேறெங்கோ திரும்பி நின்று மூக்கை மட்டும் ஆட்டினாள். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். க்ளாக்கோமாவாம். "கண்ணுக்குள்ள இருக்க தண்ணி வெளிய போக வழியில்லாம அழுத்தம் ஏறிருச்சும்மா" என்றார் டாக்டரம்மா. இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. இனி வராது. சொட்டு மருந்து விட்டும் அழுத்தம் இறங்கவில்லை. ஓயாத தலைவலி மாதிரி வலிக்குமாம். சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்கிறாள் அத்தான், பார்க்க முடியவில்லை. இரண்டு கண்களையும் எடுத்துவிட்டால் வலி நின்றுவிடும் என்கிறார்.

நாய் உங்களுடையது. நான் சோறு போடுகிறவள்தான். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
பெனிட்டா

*

திருப்பூர்,
13-8-2024

அன்புள்ள பெனிட்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கம்பெனி வாசலில் நின்று படித்தேன். அன்றைக்கு எத்தனை பனியனைப் பார்க்காமலே பாஸ் பண்ணினேனோ தெரியாது.

கண்ணை எடுப்பதாவது! அவளை வாங்கப் போன வீட்டில் மற்றக் குட்டிகளெல்லாம் பால் தட்டில் கிடந்தன. இவள் ஒருத்திதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் உன்னிடம்கூடக் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்தேன். அதையும் எடுத்துவிட்டால் அவள் முகத்தில் அப்புறம் என்ன இருக்கும்?

கோயம்புத்தூரில் பெரிய டாக்டர் இருக்கிறார் என்கிறார்கள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வருகிறேன். நான் வரும்வரை அவள் மேல் யாரும் கத்தி வைக்கக் கூடாது. இது என் முடிவு.

போன வருஷம் நான் வீடு பார்த்து வைத்தபோதே நீ உன் பேன்சி ஸ்டோரைக் கட்டிக்கொண்டு அழாமல் இங்கே வந்திருந்தால் இன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அவளைப் பார்த்திருக்கலாம். சொன்னால் கோபம் வரும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

உன்,
ஜெபசிங்

*

சங்கரன்கோவில்,
8-9-2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்ன ஞாயிறு போய், அதற்கடுத்த ஞாயிறும் போயிற்று. எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரம் என்று ஒரு மெசேஜ் வந்தது. அவள் வலிக்கு ஆர்டர் தெரியாது. ஆபரேஷன் செய்துவிட்டேன்.

திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். முதலில் இதைப் படியுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று முழுக்க என் மடியில் கிடந்து முனகினாள். தையல் போட்ட முகத்தைப் பார்த்து, உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாமோ என்று நானும் உடைந்துபோனேன். தையல் பிரிப்பதற்குள் ஒரு காலையில் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். விளையாடக் கூப்பிடுகிறாள் அத்தான்! எத்தனையோ மாதமாய் அவள் விளையாடவே இல்லை. குணம் கெட்டுவிட்டது என்று நினைத்தோமே, அது வலி.

எதிர்வீட்டுக் கோமதியம்மாள் அக்கா என்னிடம் சொல்லாமல் கோவிலில் பூந்திக்காக வெள்ளிக் கண்மலர் வாங்கிப் போட்டுவிட்டு வந்தார்கள். கண்ணை எடுத்த பிறகு எதற்கு அக்கா என்றேன். "ஏட்டி, கண்ணு போனா என்ன, மூக்கு இருக்குல்லா! அது நல்லா இருக்கட்டும்னு போட்டேன்" என்றார்கள். சிரித்தபடியே அழுதேன்.

இப்போது வீட்டை மனப்பாடம் செய்துவிட்டாள். பீரோவை உரசிக்கொண்டு திரும்பினால் அடுப்படி. பின்தெருத் தறிச் சத்தம் கேட்கிற பக்கம் கொல்லை. மின்தடை அன்று தறி ஓடாததால் பாவம் நடுவீட்டில் நின்றுவிட்டாள். நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய, பேசிக்கொண்டே நடக்கிறேன். காய் நறுக்குதேன் பூந்தி, கதவைச் சாத்துதேன் பூந்தி என்று. பெனிட்டாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று தெருவில் பேச்சு. நீங்கள் இருந்தபோதுகூட இந்த வீட்டில் நான் இவ்வளவு பேசியதில்லை.

பெனிட்டா

*

திருப்பூர்,
20-11-2024

அன்புள்ள பெனிட்டாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாதது கோபத்தில் மட்டும் இல்லை. முதலில் கோபம்தான். பிறகு நீ அனுப்பிய படத்தைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. நேற்றுத்தான் பார்த்தேன். கண் இருந்த இடத்தில் முடி வளர்ந்து, தூங்குகிறவள் மாதிரி இருக்கிறாள். வாய் மட்டும் பழைய சிரிப்பு. நீ செய்தது சரி. எனக்கு அந்த நெஞ்சுறுதி வந்திருக்காது.

இரண்டு விஷயம். ஒன்று, இங்கே காம்பவுண்டு உள்ள கீழ்வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கிறிஸ்மசுக்கு வரும்போது பூந்தியைக் கூட்டி வந்துவிடுகிறேன். அவளைத் தூக்கி வரக் கூடையும் வாங்கியாயிற்று. நீ தனியாகச் சுமந்தது போதும். இனி என் நாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு, கிறிஸ்மசுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க இசக்கித்துரையிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை ஆளோடு வருவான். சாவி கோமதியம்மாள் அக்காவிடம் இருக்கிறதல்லவா, நீ கடையை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். பீரோ கட்டிலையெல்லாம் எடுத்து வேறு மாதிரி போடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே வந்ததும் நீ அசந்துபோக வேண்டும்.

உன்,
ஜெபசிங்

*

சங்கரன்கோவில்,
4-12-2024

அத்தானுக்கு,

அசந்துதான் போனேன். உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. இசக்கித்துரை திங்கட்கிழமையே வந்துவிட்டார்.

கடையடைத்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது. பீரோ வாசல் பக்கம், கட்டில் பீரோ இருந்த இடத்தில். வீடெங்கும் பெயிண்ட் நெடி. பூந்தி இல்லை. "இங்கனதாம்மா நின்னுச்சு, முட்டி முட்டி விழுந்து கத்திச்சு, கதவைத் திறந்ததும் ஓடிட்டு" என்றார் இசக்கித்துரை. அவர் மேல் தப்பில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நானும் பக்கத்துக் கடை மிஸ்ரியாவும் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினோம். ராஜபாளையம் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் மிஸ்ரியாதான் கண்டுபிடித்தாள். தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி, மூக்கில் ரத்தத்தோடு பூந்தி படுத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த சத்தம் அது ஒன்றுதான், அதைத் தேடிப் போயிருக்கிறாள். நான் தொட்டதும் நடுங்கிக்கொண்டே வாலை ஆட்டினாள்.

நீங்கள் கெட்டது நினைக்கிறவர் இல்லை அத்தான். நாய் வாங்கியதும், திருப்பூர் போனதும், வெள்ளையடித்ததும் எல்லாம் நல்லதுக்குத்தான். ஒன்றைக்கூட என்னிடம் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எனக்குக் கண் இருந்ததால் நான் முட்டிக்கொண்டது வெளியே தெரியவில்லை.

பூந்தியை அனுப்ப மாட்டேன். திருப்பூர் வீட்டில் அவளுக்கு எல்லா நாளும் அந்தத் திங்கட்கிழமையாகத்தான் இருக்கும். கிறிஸ்மசுக்கு வாருங்கள். வராதீர்கள் என்று எழுத மனம் வரவில்லை. கூடையைக் கொண்டுவராதீர்கள்.

பெனிட்டா

*

திருப்பூர்,
3-1-2025

அன்புள்ள பெனிட்டாவுக்கு,

கிறிஸ்மசுக்கு வந்திருந்த இரண்டு நாளும் கறிக்கு உப்புப் போதுமா என்பதைத் தவிர நாம் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியதை எழுதுகிறேன்.

நீ வேண்டாம் என்ற கூடையை நான் கொண்டுவந்துதான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் கடையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் மனசு மாறினால் எடுத்துக்கொள்ளலாம் என்று. என் புத்தி அப்படி.

முதல் நாள் சாயங்காலம் நீ கடையில் இருந்தபோது நானும் அவளும்தான் வீட்டில். நடு வழியில் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தேன். கூடத்தில் நடந்துவந்தவள் அதில் தடுக்கி விழப் பார்த்தாள். நான் எழுவதற்குள் செருப்பை மோந்து பார்த்தாள். ரொம்ப நேரம் மோந்தாள். பிறகு அதன் மேலேயே மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கண் இல்லாமலும் அவள் என்னைப் பார்த்தாள் பெனிட்டா. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இவள் என்னோடு வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் உன் ஸ்கூட்டர் சத்தம். எனக்கு அது மற்ற வண்டிகளோடு ஒரு வண்டி. அவள் சட்டென்று எழுந்து, பீரோவைச் சுற்றி, எதிலும் படாமல் நேரே வாசலுக்கு ஓடினாள். நீ உள்ளே வந்து, "வந்துட்டேன் பூந்தி, பையை வைக்கேன் பூந்தி" என்று பேச ஆரம்பித்தாய். நான் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் எனக்கு மட்டும்தான் வழி தெரியவில்லை.

கூடையைத் திரும்ப எடுத்து வந்து கீழ்வீட்டு ஓனர் மகளிடம் கொடுத்துவிட்டேன், பூனை வளர்க்கிறாள். அங்கே நம் ஊரில் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர் தேடுகிறார்களாம். நான் இன்னும் சரி சொல்லவில்லை. உன்னிடம் கேட்காமல் சொல்வதாக இல்லை.

நான் வரலாமா? வந்தால் செருப்பை எங்கே விட வேண்டும் என்று சொல். அந்த இடத்தை விட்டு மாற்ற மாட்டேன்.

உன்,
ஜெபசிங்

*

சங்கரன்கோவில்,
11-1-2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடையை மூட மாட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

செருப்பு, கதவைத் திறந்ததும் வலது பக்க மூலையில். பீரோ பழைய இடத்துக்கு வந்துவிட்டது, இனி அங்கேயேதான். கட்டிலில் உங்கள் பக்கம் இறங்குகிற இடத்தில் அவள் படுக்கை இருக்கிறது. நீங்கள்தான் பார்த்துக் கால் வைக்க வேண்டும். தையல் யூனிட்காரரிடம் சரி என்று சொல்லுங்கள்.

வருகிற அன்று தெருவிலிருந்தே பேசிக்கொண்டு வாருங்கள். சத்தமில்லாமல் வந்து நின்றால் அவள் பயந்துபோகிறாள். நானும்தான்.

அன்புடன்,
பெனிட்டா