தங்கச்சி வீட்டுக் குளிசைப் போத்தல்

இன்று தன்னாமுனையில் தங்கச்சி வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது, கறிக்குக் கராம்பு தேடி ஒரு வெள்ளைப் போத்தலைத் திறந்தேன். வாசம் கராம்புதான். ஆனால் அது மருந்துப் போத்தல். உங்கள் சகலன், தங்கச்சியின் புருசன், மூன்று மாதம், நாளுக்கு ஒன்றாகக் குடித்து முடித்த குளிசைகள் இருந்த போத்தல். என்னை விதவையாக்கி உங்களைக் கொண்டுபோன அதே ஈரல் வருத்தத்துக்கு அவருக்கு வைத்தியம் அவ்வளவுதான். முடிந்ததும் தங்கச்சி அதைக் கழுவிக் கராம்பு போட்டுவிட்டாள்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிறு எரிகிறது.

உங்களுக்குக் கண் மஞ்சளானபோது ஊரே ஒரு பெயர் வைத்தது: செங்கமாரி. மாமி கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தந்தா. வாவி மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுசன் நீங்கள். பத்தியச் சோற்றைக் கண்டதும், "இதுக்கு வருத்தமே பரவாயில்ல" என்று முகத்தைத் திருப்பினீர்கள். சில கிழமையில் கண் தெளிந்தது. "கண் வெளுத்திட்டு, இனிச் சுகம்" என்றா மாமி. எல்லோரும் நம்பினோம். செங்கமாரி கண்ணில் வரும், கண்ணோடு போகும் என்பதுதானே எங்களுக்குத் தெரிந்தது. கிருமியோ ஈரலுக்குள் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டே இருந்திருக்கிறது.

வருடங்கள் கழித்து வயிறு வீங்கிய பிறகுதான் ஹெப்படைட்டிஸ் சி என்ற பெயரையே கேட்டோம். அன்று இருந்தது ஊசி மருந்து. அது கிருமியை நேரே பிடிக்காது. உடம்பை உசுப்பிவிட்டுக் கிருமியோடு சண்டை பிடிக்கச் சொல்லும். உங்கள் உடம்பில் சண்டைக்கு எங்கே தெம்பு? போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "புள்ள, இந்த ஊசி எனக்கு வேணாம்" என்றீர்கள். ஈரல் தாங்காது என்று டொக்டரும் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு தருவதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை.

சகலனுக்குக் கண் மஞ்சளாகவே இல்லை. கோயிலில் இரத்ததானம் கொடுக்கப் போன இடத்தில் தற்செயலாகப் பிடிபட்டது. அதிலும் அவருக்கு அதிர்ஷ்டம்! போதாததற்குத் தங்கச்சியின் செபமாலையைத் தூக்கிக்கொண்டு எனக்கே பாடம் எடுத்தார்.

"மதினி, கிருமி தன்னப்போல இன்னொன்டச் செய்யிறதுக்கு இப்பிடி மணி மணியாக் கோக்கும். குளிசையும் ஒரு மணி மாதிரிப் போய் இடையில நிக்கும். ஆனா அதுக்கு மத்தப் பக்கம் ஓட்டை இல்ல. பிறகு எப்பிடி அடுத்த மணியக் கோக்கிற?"

மாலை பாதியில் நின்றுவிடும், கிருமி பெருகாது. அதே குளிசைக்குள் இன்னொரு மருந்தும் சேர்ந்து கிருமியின் வேறொரு வேலையை முடக்குமாம். நான் தலையாட்டினேன். ஓட்டையில்லாத ஒரு மணி! அதைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு தாமதித்தார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

குளிசை முடிந்து சில மாதம் விட்டுச் செய்த இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை. அதற்குத்தான் இன்றைய விருந்து. தங்கச்சி அடுப்படியில் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள்.

"அக்கா, உங்களுக்குச் சந்தோசம்தானே?"

"ஓம் தங்கச்சி, இல்லாம?"

அது பொய்யில்லை. அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அவள் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, மீனின் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தபோது என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. தண்ணீர் எடுக்கப் போவதுபோல் கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

நாளைக்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம். கோபம், புறணி எல்லாவற்றையும் சுவாமியாரிடம் சொல்லுவேன். இந்தப் பொறாமையை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் மன்னித்துவிடுவார். இதுவும் என்னை விட்டுப் போனால், நீங்களும் பிழைத்திருக்க வேண்டியவர் என்று நினைக்க இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?