பதினோராம் அத்தியாயம்

மார்ச் 3

மதியம் நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அண்ணனின் பார்சல் வந்தது. வீட்டு விலாசத்துக்கு அனுப்ப இன்னும் பயம். அப்பா அவனோடு பேசி ஒன்பது வருடம், அம்மா போனதிலிருந்து.

உள்ளே அவன் எழுதிய நாவல். அச்சுக்குப் போகும்முன் படித்துச் சொல்ல வேண்டுமாம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீடு, ஒரு மாலை, பிறகு இன்னொரு மாலை. நடுவே பத்து வருடம் நாலே பக்கத்தில் ஓடிவிடுகிறது. நன்றாகத்தான் எழுதுகிறான், படுபாவி.

மார்ச் 5

பதினோராம் அத்தியாயம். அம்மா சாகிறாள். பக்கத்தில் மகன். "ஜன்னலைத் திற, மூச்சு முட்டுது" என்று அவனிடம் சொல்கிறாள்.

என்னிடம் சொன்னது அது. திறந்தது நான். அவன் வரவே இல்லை — எல்லாம் நான் போனில் அழுதுகிட்டே சொன்னது. கதையில தங்கச்சின்னு ஒருத்தியே கிடையாது. என்னைத் துடைச்சு எடுத்துட்டானே.

மார்ச் 6

கடையில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 8

போன் செய்தேன். "அது என் இடம்ண்ணா. நீ எப்படி உட்காரலாம்?"

"நீ சொன்னதை நினைச்சு நினைச்சு, நானே அங்க இருந்த மாதிரி ஆயிடுச்சு. அந்த அத்தியாயத்தை எடுத்துடறேன்."

எடு என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 15

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஐந்து நாள். பொழுது போகவில்லை. "அந்தக் காகிதக் கட்டைப் படி" என்றார் முதல் நாளே. எழுதியது யார் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்திருக்கும், நிறுத்தச் சொல்லவில்லை.

இன்று பதினோராம் அத்தியாயம். முடித்ததும், "அவன் வரல. எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "வந்திருக்கலாம்னு எத்தனை தடவை நினைச்சிருந்தா இப்படி எழுத வரும்."

நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"உன்னைக் காணோமே இதுல. நீதானே கூட இருந்தே."

குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 16

காலையில் அப்பா: "அவனை வரச் சொல்லு."

மார்ச் 22

அண்ணன் வந்தான். தலை முழுக்க நரை. "சாப்பிட்டியா?" என்றார் அப்பா, நேற்றுப் போய் இன்று வந்தவனைக் கேட்பது போல.

அவர் மதியம் கண்ணயர்ந்ததும் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். "அம்மா போன அன்னிக்கு நம்ம ஊர் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். பயந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்" என்றான். யாரிடமும் சொன்னதில்லையாம். "இப்ப நீ சொல்லு. முதல்லேர்ந்து."

சொன்னேன். அப்பா எழுந்து டீ கேட்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை என்ன செய்வது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.