கிடா வெட்டும் சாமிக்குக் கத்தரிக்காய் விரதம்

ஐப்பசி 1, வியாழன்

காலையில் மேகம். பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். மழை வரும் என்று மிளகாயைக் காயப்போடாமல் விட்டது வீண்.

புரட்டாசி முடிந்துவிட்டது. போன மாதம் தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏன் கறி எடுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அருப்புக்கோட்டையில் பாதிப் பேர் பெருமாளுக்கு விரதம். அந்தக் கூட்டத்தோடு நாங்களும் நுழைந்துகொண்டோம். இன்றோடு பெருமாளும் கைவிட்டார்.

நிறுத்தியவை: ஆட்டுக்கறி (ஆவணியிலிருந்தே). மீன். கருவாடு. முட்டை. போன வாரத்திலிருந்து பால். வரக்காப்பி பழகிவிட்டது என்கிறார் வீட்டுக்காரர். குடிக்கும்போது முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பதிலுக்கு: தட்டப்பயறு, மொச்சை, காணத் (கொள்ளு) துவையல், கொல்லை முருங்கை. நேற்று வாழைக்காயைக் கறி மசாலா போட்டு வறுத்தேன். வாசம் அசல் கறி. வாயில் வைத்தால் வாழைக்காய்.

விலை ஏறினால் மளிகைக் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம் என்று ஊரில் நினைப்பு. துவரம்பருப்பு ஏறியது, கடலை எண்ணெய் ஏறியது. கிலோ வாங்கினவர்கள் கால் கிலோ வாங்குகிறார்கள். கால் கிலோ வாங்கினவர்கள் ரேஷன் பாமாயிலோடு நின்றுவிட்டார்கள். எங்கள் கடையில் பின்தட்டு எல்லாம் காலி. முன்னால் மட்டும் டின்களை அடுக்கி மறைத்து வைத்திருக்கிறார்.

"வீட்டுல கறி எடுக்கலைன்னு வெளிய தெரிஞ்சிரக் கூடாது. தெரிஞ்சா லோடு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். விருதுநகரிலிருந்து கடனுக்குச் சரக்கு அனுப்புகிறவர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அனுப்புகிறார். கடைக்காரன் வீட்டில் அடுப்பு இளைத்தது தெரிந்தால் கையை இழுத்துக்கொள்வார். அப்புறம் கடை இல்லை.

மகள் செல்விக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குக் காரியாபட்டியிலிருந்து கூட்டிவந்து பத்து நாள். வாய்க்கு வேண்டியதெல்லாம் செய்து போட வேண்டிய நேரத்தில் தட்டப்பயறு. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஐப்பசி 4, ஞாயிறு

பொய் சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் பதினோரு மணிக்கு வந்தாள். கையில் மூடி போட்ட கிண்ணம். "என்ன மதினி, புரட்டாசி முடிஞ்சும் ஒங்க வீட்டுல மசாலு அரைக்கிற சத்தத்தக் காணோம்?"

இவள் வீட்டுக்காரருக்குச் சரக்கு லாரிதான் தொழில். இவளுக்குத் தெரிந்தால் சாயந்தரத்துக்குள் விருதுநகருக்குத் தெரியும். வாய் தானாகத் திறந்தது.

"நேந்திருக்கோம் புஷ்பம். செல்வி நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும்னு. பிள்ளை மொகத்தப் பாக்குற வரைக்கும் கறி, மீன், முட்டை ஒண்ணும் இந்த வீட்டுல கெடையாது."

"எந்தச் சாமிக்கு?"

"குலசாமிக்குத்தான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் குலசாமி திருச்சுழிப் பக்கம் அரிவாளோடு நிற்கிறவர். வருஷா வருஷம் கிடா வாங்குகிறவர். புஷ்பம் கண்ணை உருட்டினாள். "கெடா கேக்குற சாமிக்குக் கத்தரிக்கா வெரதமா மதினி?"

"பூசாரி அப்பிடித்தான் சொன்னாரு." இரண்டாவது பொய்.

"நல்லவேளை கேட்டேன். செல்விக்குன்னு ஈரல் வறுத்துக் கொண்டாந்தேன். மசக்கக்காரி சாப்புடட்டுமேன்னு. சாமி குத்தம் ஆயிரப் போகுது." கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். மூடியைத் தாண்டி மிளகு வாசம் வந்தது. கூப்பிட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று வாசல்வரை போனேன். கூப்பிடவில்லை.

சாமி பேரில் இதுவரை பொய் சொன்னதில்லை. மற்றதில் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி 5, திங்கள்

அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்ல யோசனைதான்" என்று சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு.

மத்தியானம் கடையிலிருந்து வந்து சொல்கிறார்: "ஊரே நம்மள மெச்சுது. மகளுக்காக எப்பிடிக் கட்டுப்பாடா இருக்காகன்னு பேசிக்கிறாக." இனி திருப்பி எடுக்க முடியாது.

துவைத்தது: நாலு சேலை, அவர் வேட்டி. அடிகுழாயில் தண்ணீர் சேறு.

ஐப்பசி 8, வியாழன்

தூறல். மண் நனையவில்லை.

புஷ்பம் மோர் கொண்டுவந்தாள். மோர் வாங்கினால் 'பால்காரன் ஏன் வருவதில்லை' என்று அடுத்த கேள்வி வரும். பாலும் விரதத்தில் சேர்த்தி என்று சொல்லிவிட்டேன்.

"பாலுமா? பாலு வேணாம்னு சொல்ற சாமிய நான் கேள்விப்பட்டதே இல்ல மதினி."

நானும்தான் கேள்விப்பட்டதில்லை.

இதை செல்வி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். புஷ்பம் போனதும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் எல்லாம் தண்ணீர். "எனக்காகவாம்மா இம்புட்டும்? நான்கூட அப்பாவுக்கு யாவாரம் சரியில்ல போலன்னு நெனச்சேன். இனிமே நானும் ஒங்களோட இருப்பேன். ஒரு துளி பாலு தொட மாட்டேன்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

ஐப்பசி 13, செவ்வாய்

நர்சம்மா வந்து செல்வியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். விரலை அமுக்கிப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரத்தம் ரொம்பக் கொறைவு. வெளுத்துக் கெடக்கா. பிரசவத்துல தாங்க மாட்டா. கீரை குடுங்க, வேணாங்கல. ஆனா நாளு கம்மியா இருக்கு. தெனம் முட்டை, வாரம் ரெண்டு தடவை ஈரல். மாத்திரையும் விடாமப் போடணும்."

மாத்திரை போட்டால் வாந்தி. பத்து நாளாகப் போடாமல் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். இன்றுதான் தெரிந்தது.

தாங்க மாட்டா. தாங்க மாட்டா. பாத்திரம் விளக்கும்போதும் அதே வார்த்தை.

கடையில் விற்க வைத்திருந்த முட்டையில் இரண்டு எடுத்து அவித்தேன். அவரிடம் கேட்கவில்லை. தட்டில் வைத்து நீட்டினேன். செல்வி பின்னால் நகர்ந்தாள். பாம்பைப் பார்த்த மாதிரி.

"என்னம்மா இது? எனக்கு நேந்துட்டு என்னையவே முறிக்கச் சொல்ற?"

"மசக்கக்காரிக்கு விதிவிலக்கு உண்டு."

"பூசாரிட்ட கேட்டியா?"

இல்லாத நேர்ச்சைக்கு இல்லாத உத்தரவை எந்தப் பூசாரியிடம் கேட்பது?

ஐப்பசி 14, புதன்

தோசை மாவில் ஒரு முட்டையை அடித்துக் கலந்தேன். வெங்காயம் நிறையப் போட்டேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டாள். வெளியே ஓடி எல்லாம் வாந்தி. காலையில் குடித்த கேழ்வரகுக் கூழும் சேர்ந்து போனது. அப்புறம் சாமி படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தெரியாமப் பண்ணிட்டேன் சாமி, எம் பிள்ளைய ஒண்ணும் பண்ணிராத."

நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன். உள்ளே போக தைரியம் இல்லை.

ஐப்பசி 16, வெள்ளி

மூன்று நாளாக நான் அவளுக்குக் கொடுத்தது: முருங்கைக்கீரை இரண்டு வேளை, எள்ளும் கருப்பட்டியும் இடித்த உருண்டை, காணச் சாறு, கேழ்வரகு அடை, நிலக்கடலை, பேரீச்சம்பழம் ஆறு. கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி இமையை இழுத்துப் பார்க்கிறேன். நேற்றைவிடச் சிவப்பு மாதிரி இருக்கிறது. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் வெளுப்பு.

வாசலில் பையன்கள் இப்போதே வெடி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வருகிறது.

மத்தியானம் அவர் கடையில் இருக்கும்போது சொல்லிவிட்டேன். "செல்வி, நேர்ச்சை ஒண்ணும் இல்ல. நான் சும்மா சொன்னேன். கறி வாங்க வக்கில்ல. ஊருக்குத் தெரிஞ்சா மானம் போகும்னு சொன்னேன். நீ சாப்புடு."

என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "யம்மா. நான் சாப்புடணும்னு நீ என்ன வேணும்னாலும் சொல்லுவ. சாமி பேருல பொய் சொல்ற ஆளா நீ?"

சத்தியம் பண்ணினேன். நம்பவில்லை. நாற்பத்தாறு வயசில் முதல்தடவையாக வாய் திறந்து முழு உண்மை சொன்னேன், பெற்ற மகள் நம்பவில்லை. "அந்தப் பாவத்தையும் எனக்காகத் தலையில போட்டுக்கிறியேம்மா" என்று அழுகிறாள்.

ஐப்பசி 19, திங்கள்

நாளை தீபாவளி. தெருவே பலகார வாசம். நான் ரேஷன் எண்ணெயில் ஒரு படி முறுக்கு.

செல்விக்குக் கால் வீக்கம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நர்சம்மா திட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னால் நம்பமாட்டாள். அப்பா சொன்னால் நம்புவாளா? கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எந்த வாயால சொல்லுவேன்? கடை போச்சுன்னு எம் மகட்டயே சொல்லவா?" எழுந்து போய்விட்டார். போகட்டும். கோபப்பட எனக்கு நேரம் இல்லை.

சாயந்தரம் நாலு மணிக்கு புஷ்பம் வீட்டுக்குப் போனேன். அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆவணியிலிருந்து கறி இல்லாதது, காலித் தட்டு, டின்கள், பூசாரி, மோர். சொல்லி முடிக்கும்வரை அவள் கரண்டியை எண்ணெயில் பிடித்தபடியே இருந்தாள். அதிரசம் கருகிவிட்டது.

"ஏன் மதினி, எங்கிட்டச் சொன்னா நான் ஊரெல்லாம் தண்டோரா போடுவேன்னு நெனச்சீங்களா?"

ஆமாம் என்றேன். இன்னொரு பொய்க்குத் தெம்பு இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எண்ணெய்ப் புகையா என்ன என்று தெரியவில்லை. "நாளைக்கு எங்க வீட்டுல கறி எடுப்போம். நான் வந்து செல்விட்டப் பேசுறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

ஐப்பசி 20, செவ்வாய். தீபாவளி

எண்ணெய்க் குளியல். அவருக்குப் பழைய வேட்டி, செல்விக்கு மாப்பிள்ளை எடுத்த சேலை.

ஒன்பது மணிக்கு புஷ்பம் வந்தாள். இட்லி, ஈரல் வறுவல். என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"ஒங்கம்மா சொன்னது நெசந்தான் செல்வி. நேத்து எங்க வீட்டுல நின்னு அழுதுச்சு. மானத்துக்குப் பயந்து சாமியக் கூப்புட்டிருச்சு. மானத்த எங்கிட்ட விட்டுட்டு ஒன்னையக் காப்பாத்தச் சொல்லிட்டு வந்திருக்கு. சாப்புடு."

அப்புறம் தட்டில் கை படும் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டாள். எல்லாவற்றையும் சாப்பிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சாயந்தரம் அப்பாவிடம் போய், "பின்தட்டு எத்தன நாளா காலிப்பா?" என்று கேட்டாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாந்தி இல்லை. அது போதும்.

ஐப்பசி 22, வியாழன். ஆஸ்பத்திரி வராண்டா

காலை ஏழு மணிக்கு வலி. மூன்று வாரம் முன்னால். புஷ்பம் வீட்டு லாரியில்தான் கொண்டுவந்தோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு ரத்தம் தயாராக இருக்கட்டும் என்றார். மாப்பிள்ளை காரியாபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார், நேரே ரத்தம் கொடுக்கப் போய்விட்டார். செல்வி அப்பா கேட்டுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வரமாட்டேன் என்கிறார்.

ஈரல் சாப்பிட்டு இரண்டே நாள். நேர்ச்சை முறிந்ததாலா? நேர்ச்சையே இல்லை, எப்படி முறியும்? பொய்க்கு இப்போது தண்டனையா? கிடா கேட்கிற சாமி கறி சாப்பிட்டதற்கா கோபிப்பார்? கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் பயம்தான் வருகிறது.

உள்ளே போகும்போது செல்வி என் கையைப் பிடித்தாள். மூன்று நாளில் முதல் பேச்சு. "யம்மா, நீ பயப்படாத." விரல் ஜில்லென்று இருந்தது.

கதவு சாத்தியதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்று நேர்ந்துகொண்டேன். நெசமாக. என் ஆயுசு முழுக்கக் கறி, மீன், முட்டை, பால் எதுவும் தொடமாட்டேன். விலை இறங்கினாலும் தொடமாட்டேன். நாக்கைக் கடித்து நேர்ந்துகொண்டேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதுவும் பொய்யாகிவிடும்.

பத்து மணி. உள்ளேயிருந்து சேதி இல்லை.

பத்தரை. புஷ்பம் தூக்குவாளியோடு வந்திருக்கிறாள். இட்லி, முட்டைக் குழம்பு. "காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீங்க. இப்பத்தான் வெரதமே இல்லைன்னு ஆகிப்போச்சே மதினி, இன்னும் என்ன? ரெண்டு வாயி சாப்புடுங்க."

வயிறு சரியில்லை என்று சொன்னேன்.