நெடுந்தீவுக் கோட்டையில் நான் சொன்ன ‘இந்தாரும்’

என் அன்பு அப்பாவுக்கு,

எழுத்து வாசிக்கத் தெரியாத உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். முதலில் அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நான் வாய் திறக்காதவள் என்று நீங்களே சொல்வீர்கள். காகிதம் கிடைத்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

நாங்கள் சுகம். உங்கள் வள்ளத்தைச் சித்தப்பா கரையில் இழுத்து, ஓலை போட்டு மூடி வைத்திருக்கிறார். எனக்கு ஊர்காவற்றுறையிலேயே படிப்பிக்க இடம் கிடைத்துவிட்டது. நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் நினைவு மலரை அச்சடிக்கிறோம். குடும்பத்தில் பட்டம் எடுத்தவள் நான் ஒருத்தி என்பதால் என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள். நேற்று அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: “பிள்ளை, அந்தக் கோட்டைக் கதையைக் கட்டாயம் எழுது. அப்பாவுக்கு அதிலதான் பெரிய புளுகம், அவ்வளவு பெருமை.”

அந்தக் கதை நடக்கவே இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். சாரணிகள் எங்கள் பன்னிரண்டு பேரை எங்கள் ஆசிரியை நெடுந்தீவுக் கோட்டையில் ஓர் இரவுப் பாசறைக்குக் கூட்டிப்போனார். குறிகட்டுவான் துறையில் எங்களுக்கென்று ஒழுங்கு செய்த படகு பழுதாகிக் கிடந்தது. என்னைக் கண்டுவிட்டுப் போகலாமென்று வள்ளத்தோடு வந்திருந்த நீங்கள், “நான் ஏத்திக்கொண்டு போறன் ரீச்சர்” என்றீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம் என்று விடுதியில் சொல்லி வைத்திருந்தேன்.

வள்ளத்தில் ஏறியதும் என் சிநேகிதி மனோ மூக்கைப் பொத்தினாள். “என்ன மீன் நாத்தமடி! இறங்கிற நேரம் எங்களையும் கூறு போட்டு வித்துப்போடுவார் போல.” எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

“உங்கட ஊராள் எண்டு ரீச்சர் சொன்னவ. உனக்குத் தெரியுமோடி?” என்று மனோ என்னைக் கேட்டாள்.

“கண்டிருக்கிறன்” என்றேன்.

நீங்கள் சுக்கான் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

கோட்டையை ஆண்ட ஒல்லாந்தரைப் பற்றி ரீச்சர் சொன்ன ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கோட்டைச் சுவரின் முருகைக்கற்களில் சிப்பியும் பவளப்பூவும் அப்படியே தெரிந்தன. கடலை வெட்டி அடுக்கி வைத்தது போல இருந்தது. இதை அப்பாவுக்குக் காட்ட வேணும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மாலையில் அந்தச் சுவரடியில் மூன்று விரலை உயர்த்தி, உண்மையாய் நடப்போம் என்று வாக்குறுதி சொன்னோம். அது முடிந்த கையோடு ரீச்சர் ஒரு கோப்பையில் சோறும் பருப்பும் போட்டு என்னிடம் தந்தார். “வள்ளக்காரர் கரையில தனிய இருக்கிறார். குடுத்திட்டு வாரும்.” மனோவும் கூட வந்தாள்.

வீட்டில் உங்களை ‘நீங்கள்’ என்றல்லாமல் நான் ஒருநாளும் பேசியதில்லை. அன்று கோப்பையை நீட்டி, “இந்தாரும், சாப்பிடும்” என்றேன். கூலிக்கு வந்தவரிடம் பேசுகிற அதே ‘நீர்’.

நீங்கள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினீர்கள். “பிள்ளையள் நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?” என்று கேட்டீர்கள். பிறகு என்னிடம், “பாத்துப் போங்கோ தங்கச்சி, அதில கல்லுக் கிடக்கு” என்றீர்கள்.

தங்கச்சி. பெற்ற மகளை, முன்பின் தெரியாத ஒருத்தியைப் போல. நான் தொடங்கிய பொய்யை நீங்கள் பக்குவமாக முடித்து வைத்தீர்கள்.

“நல்ல மனுசனடி” என்றாள் மனோ, திரும்பி வரும்போது. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாமே, அப்பா?

நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்தார். “எல்லாருக்கும் முன்னால ‘இதுதான் என்ர அப்பா’ எண்டு சொன்னியாமே! ரீச்சரோட இருத்திச் சாப்பாடு குடுத்தியாம். மனுசன் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போச்சு.” முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த நீங்கள் தலை நிமிரவில்லை. நானும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? அம்மா என்னைக் குறைவாக நினைக்கக்கூடாது என்றா? அல்லது அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே ஆசையாக இருந்ததா? கேட்க எனக்குப் பத்து வருடம் இருந்தது. கேட்கவில்லை. அந்தப் பொய்க்குள் நல்ல மகளாக இருந்து பழகிவிட்டேன். உங்கள் சவப்பெட்டியருகில் இருந்தும் அம்மா வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னார். அவர்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

அதை என் கையால் எழுத எனக்கு ஏலாது. எழுதினால் இந்தக் கடிதத்தில் உள்ளதைத்தான் எழுதலாம். அச்சகத்துக்குக் கொடுக்க முன்னம் அம்மாவை இருத்தி, நானே முழுவதும் வாசித்துக் காட்டுவேன். ‘கண்டிருக்கிறன்’ என்றதையும் ‘இந்தாரும்’ என்றதையும் விழுங்காமல் வாசிப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ஒன்றுதான் கேட்கப் பயந்துகொண்டே வந்தேன். அந்தக் கதையை அம்மாவுக்குக் கொடுத்தவர் நீங்கள். நீங்கள் போன பிறகு அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதை அவவிட்ட இருந்து நான் எடுக்கட்டோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, அப்பா.

உங்கள் மூத்த மகள்,
திரேசா